டெஸ்லா காயில்: எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது?

3 மார்ச் 2019, இந்த இணைய இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

"வீட்டிலேயே டெஸ்லா காயில் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். 4 இன்ச் பி.வி.சி. பைப்பும் ஒரு கிலோ எனாமல் வயரும் வாங்கியாயிற்று. 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டன்சர் இருபது கிடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரியஸில் போட்டால் தாங்குமா? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பழைய மைக்ரோவேவ் ஓவன் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஓரடி நீளத்துக்கு மின்னல் வந்தால் போதும்."

3 மார்ச், இரவு

தாங்காது. அந்த ஓவன் டிரான்ஸ்ஃபார்மரை இன்றைக்கே பரணில் போடுங்கள். காரணம் நாளை எழுதுகிறேன்.

4 மார்ச்

புதியவர்களுக்கு ஒரு வரி: டெஸ்லா காயில் என்பது காற்றில் மின்னல் பறக்கவிடும் கருவி. டிரான்ஸ்ஃபார்மர் கண்டன்சரை நிரப்பும். அழுத்தம் ஏறியதும் தீப்பொறி இடைவெளி (உலோகத் துண்டுகளுக்கு நடுவே விட்ட சிறு இடம்) உடைந்து, கண்டன்சரில் இருப்பது முதல் சுற்று என்ற தடித்த சுருளில் பாயும். அது பைப்பில் சுற்றிய இரண்டாம் சுற்றில் பல மடங்கு அழுத்தமாகி, உச்சியில் வைத்த டோராய்டு என்ற உலோக வளையத்திலிருந்து மின்னலாகக் கிளம்பும்.

முதலில் ஓவன் விஷயம். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டில் வருவது சுமார் 2,000 வோல்ட். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அது அரை ஆம்பியருக்கு மேல் சர்வசாதாரணமாகக் கொடுக்கும். தொட்டால் உதறிவிட்டுப் போகிற ஷாக் இல்லை அது, ஆளோடு முடித்துவிடும். பலகையில் மின்னல் கோலம் போடுகிறேன் என்று இதே டிரான்ஸ்ஃபார்மரை வைத்து வெளிநாடுகளில் பலர் செத்திருக்கிறார்கள். காயிலுக்கும் அது சரிப்படாது. 2,000 வோல்ட் என்றால் உச்சத்தில் 2,900-க்குள். அந்த அழுத்தத்துக்குத் தீப்பொறி இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பற்றினால் அணையாமல் வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும்.

இனி ஃபேன் கண்டன்சர். இருபதைச் சீரியஸில் போட்டால் 125 நானோஃபாரட் (0.125 மைக்ரோஃபாரட்), ஒன்றுக்கு 440 என்று காகிதத்தில் 8,800 வோல்ட் ஏ.சி. தாங்கும். நானும் 2013-ல் இதே கணக்கைத்தான் போட்டேன். இருபத்துநான்கு வாங்கி, மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கி, பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. ஓட்டிய இரண்டாவது நிமிடம் மின்னல் குட்டையாகிக்கொண்டே போயிற்று. ஐந்தாவது நிமிடம் நின்றுவிட்டது. ஒன்றுகூட வெடிக்கவில்லை, ஆறு மட்டும் லேசாக உப்பியிருந்தன.

ஒன்றை ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் படலச் சுருள், அதன்மேல் ஆவியாகப் படியவைத்த உலோகப் பூச்சு. சுருளின் இரண்டு முனையிலும் உலோகத்தைத் தெளித்து வயரை ஒட்டியிருப்பார்கள். அந்தத் தெளிப்பும் படலமும் சேரும் விளிம்பு முழுவதும் கருகித் தனியாகக் கழன்று நின்றது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஃபேனுக்கு ஓடும் அரை ஆம்பியர் எங்கே, நாம் ஒவ்வொரு பொறிக்கும் இழுக்கும் முந்நூறு ஆம்பியர் எங்கே!

முந்நூறு என்பது மிகையில்லை. கணக்கைப் பின்னால் போடுகிறேன்.

5 மார்ச்

"அப்படியானால் எதிலிருந்து தொடங்க?"

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. எல்லாரும் பைப்பும் வயரும்தான் முதலில் வாங்குகிறார்கள். அவைதான் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள், எளிதாகவும் கிடைக்கும். ஆனால் கண்டன்சர் எவ்வளவு என்று டிரான்ஸ்ஃபார்மர்தான் சொல்லும். கண்டன்சரும் இரண்டாம் சுற்றும் சேர்ந்து முதல் சுற்று எத்தனை என்று சொல்லும். தலைகீழாகப் போனால் கடைசியில் ஏதோ ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வாங்க வேண்டிவரும். நான் மூன்று முறை வாங்கினேன்.

தேட வேண்டியது நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர், அதிலும் இரும்பு கோர் உள்ள பழையது. உள்ளேயே காந்த ஷண்ட் (காந்தப்புலத்தில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் இரும்புத் தகடு) வைத்திருப்பார்கள். அதனால் வெளியே ஷார்ட் ஆனாலும் 30 மில்லிஆம்பியருக்கு மேல் பெரிதாகக் கொடுக்காது. நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான். ஜவுளிக்கடை, சினிமா தியேட்டர் போர்டெல்லாம் எல்.இ.டி.க்கு மாறியபிறகு இவை காயலான் கடைக்குப் போய்விட்டன. என்னுடையது கோவை உக்கடத்தில் எடைக்கு வாங்கியது. தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 10,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் என்று பொறித்திருந்தது. கடைக்காரர் அதைச் செம்புக் கணக்கில் தராசில் வைத்தார். வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கையில் தூக்கினால் தோள் இறங்க வேண்டும். சோப்புப் பெட்டி மாதிரி லேசாக இருந்தால் அது எலக்ட்ரானிக் வகை. தானே உயர் அலைவெண்ணில் ஓடும், நம் கண்டன்சரைக் கண்டதும் மூச்சை நிறுத்திக்கொள்ளும். அடுத்தது, மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பீங்கான் முனைக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் 4.1 கிலோஓம், 4.3 கிலோஓம். பக்கத்திலிருந்த இன்னொன்றில் ஒரு பக்கம் ஒன்றுமே காட்டவில்லை, அது பிணம்.

சுற்றின் நடுமுனை பாடியோடு சேர்ந்திருக்கும். ஆகவே பாடியை எர்த் செய்யாமல் ஓட்டவே கூடாது. 30 மில்லிஆம்பியர்தானே என்று இளக்காரமும் வேண்டாம். அதுவே ஆளைக் கொல்லப் போதும்.

6 மார்ச்

பைக் இக்னிஷன் காயில் ஆகாதா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பொறி வரும், விரல் நீளத்துக்கு. அதற்காக இரண்டு மாதம் வேலை பார்க்கத் தேவையில்லை.

பாய்லர் பர்னரில் பற்றவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்? திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பாய்லர்களில் பார்க்கலாம். இரும்பு கோர் வகை கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் சில நொடி ஓடி நிறைய நேரம் ஓய்வெடுக்கவே அதைச் செய்திருக்கிறார்கள். தகட்டில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று விகிதம் போட்டிருக்கும், அதை மதியுங்கள்.

9 மார்ச்

கண்டன்சர் கணக்கு. 10,000 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்தால் 333 கிலோஓம். அது டிரான்ஸ்ஃபார்மரின் உள்மறிப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை. 50 ஹெர்ட்ஸில் அதே மறிப்பைத் தரும் கண்டன்சர் 9.5 நானோஃபாரட். இதைத்தான் ஒத்திசைவு அளவு என்பார்கள். ஆகவே 10 நானோஃபாரட் வைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கொடுக்கக்கூடியதை முழுதாக உறிஞ்சிவிடலாம்.

உங்கள் 125 நானோஃபாரட் இதைப்போலப் பதின்மூன்று மடங்கு. வட்டிலில் ஊற்றவேண்டிய தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் விளிம்புவரை எப்போது வரும்? தீப்பொறி இடைவெளியை ரொம்பக் குறுக்கினால் ஒழிய, அது உடையும் அழுத்தத்துக்குக் கண்டன்சர் ஏறாது.

9 மார்ச், இரவு

பீர் பாட்டில் கண்டன்சரைப் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், செய்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் நிரப்பி, வெளியே அலுமினியத் தாள் சுற்றி, மேலே சமையல் எண்ணெய் ஒரு விரல்கடை. பாட்டிலுக்கு ஒரு நானோஃபாரட்டுக்குள்தான் வரும், ஆகவே பதினான்கு பாட்டில். கண்ணாடியில் இழப்பு அதிகம், பத்து நிமிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். இருட்டில் பாட்டில் கழுத்தைச் சுற்றி ஊதாப் படலம் மினுங்குவது மட்டும் கொள்ளை அழகு. பதினான்கையும் யார் காலி செய்தது என்ற கேள்விக்கு வீட்டில் இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

11 மார்ச்

9-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். 10 நானோஃபாரட் வைக்காதீர்கள்.

கணக்கு சரிதான், புத்திதான் சரியில்லை. ஒத்திசைவு அளவில் கண்டன்சரை வைத்து, தீப்பொறி இடைவெளி கொஞ்சம் அகலமாகப் போய்விட்டால், ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற கதை. தகட்டில் 10,000 என்று இருப்பதை அது படித்துப் பார்க்காது. 2014 ஆயுத பூஜையன்று என் முதல் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதி அப்படித்தான் போனது. சத்தமே இல்லை. தார் உருகும் வாசனை வந்தது, அப்புறம் ஒரு பக்க முனையில் பொறி இல்லை. பூஜை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்த அதே டிரான்ஸ்ஃபார்மர்! இதையெல்லாம் அனுபவித்துவிட்டு அன்றைக்கு எப்படி 10 என்று எழுதினேனோ தெரியவில்லை.

ஒத்திசைவு அளவைப்போல ஒன்றரை மடங்கு வைப்பதுதான் பத்திரம். நமக்கு அது 14.3. சௌகரியமாக 15 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது? பாலிபுரொப்பிலீன் பல்ஸ் கண்டன்சர். பெயரில் பல்ஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, வோல்ட் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கலாம் என்ற அளவைத் தரவுத்தாளில் பாருங்கள். காயில்காரர்கள் பலரும் வைப்பது கார்னெல் டூபிலியர் 942சி வரிசையில் 0.15 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் டி.சி. ஒன்றுக்கு 432 ஆம்பியர் உச்சமின்னோட்டம் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். பத்தைச் சீரியஸில் போட்டால் சரியாக 15 நானோஃபாரட், 20,000 வோல்ட். நம் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 14,140. தேவைக்கு மேலேயே தாங்கும்.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்தேன். நீல நிறச் செராமிக் வட்டுகளைத்தான் எல்லாரும் எடுத்து நீட்டினார்கள். அதில் சூடேற ஏற மதிப்பு மாறிவிடும், டியூனிங் நிற்காது. கடைசியில் வெளியிலிருந்துதான் வரவழைத்தேன். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல மிக்ஸி விலை ஆயிற்று.

ஒவ்வொரு கண்டன்சருக்கும் குறுக்கே 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். அணைத்தபிறகு தேங்கிய மின்சாரத்தை அதுதான் வடிக்கும்.

12 மார்ச்

நேற்றைய கடைசி வரியிலும் திருத்தம். (இப்படியே போனால் திருத்தத்துக்கென்று தனி இழை தொடங்க வேண்டியதுதான்.) 10 மெகாஓம் ஒன்றே ஒன்று என்று எழுதினேன். சின்ன அரைவாட் ரெசிஸ்டர் 350 வோல்ட் அளவுக்குத்தான். ஒரு கண்டன்சர்மேல் விழுவதோ 1,414. வாட் கணக்கில் தப்பிக்கும், வோல்ட் கணக்கில் மாட்டிக்கொள்ளும். 2.2 மெகாஓம் ஐந்தைச் சீரியஸில் போடுங்கள், ஒன்றுக்கு 283 வோல்ட்தான் வரும். பத்துக் கண்டன்சருக்கு ஐம்பது ரெசிஸ்டர். சால்டரிங் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும், தின்னட்டும்.

இப்படிச் செய்தால் பத்துப் பதினைந்து நொடியில் வடிந்துவிடும். ஆனாலும் நான் கை வைப்பதற்குமுன் நீளப் பி.வி.சி. பைப் முனையில் கட்டிய செம்புக் கம்பியால் இரண்டு முனையையும் ஒருமுறை ஷார்ட் செய்துவிடுவேன். ரெசிஸ்டர் கால் விட்டுப்போயிருந்தால் அது நம்மிடம் சொல்லிவிட்டா போகும்?

16 மார்ச்

நீங்கள் ஏற்கெனவே வாங்கிய வயருக்கு வருவோம். கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) எவ்வளவு என்று சொல்லவில்லை. இதில்தான் நான் பெரிதாகக் கோட்டைவிட்ட கதை.

அமெரிக்கர்கள் எழுதிய குறிப்பில் 24 கேஜ் என்று இருந்தது. கோவை கணபதி பக்கம் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய் 24 கேஜ் எனாமல் வயர் என்றேன், எடை போட்டுக் கொடுத்தார். 500 மில்லிமீட்டர் பைப்பில் 890 சுற்று வரும் என்று கணக்கு. சுற்றி முடித்தால் 800 சுற்றில் பைப் தீர்ந்துவிட்டது. எண்ணியதில் தப்பு என்று மகளைத் திட்டினேன், பாவம். அவர்கள் எழுதுவது அமெரிக்கக் கேஜ், 24 என்றால் 0.51 மில்லிமீட்டர். நம் கடைகளில் கொடுப்பது ஆங்கிலேயக் கேஜ், 24 என்றால் 0.56. எண் ஒன்றுதான், கம்பி வேறு. அமெரிக்க 26 கேஜ் வேண்டுமென்றால் இங்கே 27 கேட்க வேண்டும். இன்னும் நல்லது, கேஜையே மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். வைண்டிங்காரரிடம் மைக்ரோமீட்டர் இருக்கும்.

என் இப்போதைய காயிலில் இங்கத்திய 26 கேஜ், 0.457 மில்லிமீட்டர். எனாமலோடு அரை மில்லிமீட்டர் என்று வைத்தால் 500 மில்லிமீட்டருக்கு ஆயிரம் சுற்று. 110 மில்லிமீட்டர் பைப்புக்கு 345 மீட்டர் வயர், எடை ஏறக்குறைய அரைக்கிலோ. நீங்கள் ஒரு கிலோ வாங்கியிருப்பதால் ஒருமுறை சொதப்பலாம்.

சுற்றும்போது கவனிக்க வேண்டியவை. பைப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மேலே அச்சடித்த எழுத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து எடுத்துவிட்டு வார்னிஷ் ஒரு கோட்டு அடியுங்கள். பைப்பில் ஓட்டை போட்டு வயர் முனையை உள்ளே விடவே கூடாது, பொறி உள்வழியாக ஓடும். நான் பைப்பை இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கம்பியில் மாட்டி, கையாலேயே உருட்டினேன். இடது கட்டைவிரல் நகத்தால் வயரை முந்தைய சுற்றோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நகத்தில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. 612-ஆவது சுற்றில் காலிங்பெல் அடித்தது. எழுந்தேன், ஐம்பது சுற்று அவிழ்ந்து சேமியா மாதிரி தரையில் கிடந்தது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை செலோ டேப் ஒட்டும் வழக்கம் அன்றுதான் வந்தது.

17 மார்ச்

இப்போது எல்லாம் கையில் இருக்கிறது, கணக்கு போடலாம்.

ஆயிரம் சுற்று, 500 உயரம், 110 விட்டம்: தூண்டல் (இண்டக்டன்ஸ்) சுமார் 22 மில்லிஹென்றி. காயிலுக்கே உள்ள கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) 8 பிகோஃபாரட். மேலே வைக்கும் டோராய்டு, 4 இன்ச் தடிமன், 13 இன்ச் மொத்த விட்டம் என்றால் 14 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்து 22. ஒத்திசைவு அலைவெண், அதாவது காயில் தானாக ஊசலாடும் வேகம், 230 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். அதே அலைவெண்ணுக்கு 15 நானோஃபாரட்டோடு முதல் சுற்றின் தூண்டல் 32 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும்.

முதல் சுற்றுக்கு ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் கால் இன்ச் செம்புக் குழாய். 50 அடிச் சுருளாக, ஏற்கெனவே வட்டமாகவே கிடைக்கும், பாதி வேலை மிச்சம். உள்விட்டம் 170 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று அரை இன்ச் தள்ளித் தட்டையாகப் பரப்பினால், பத்தாவது சுற்றை ஒட்டி 32 மைக்ரோஹென்றி வரும். நீங்கள் பதின்மூன்று சுற்று போட்டுக்கொள்ளுங்கள், 50 அடியில் அடங்கும். கிளிப்பை நகர்த்தி டியூன் செய்ய இடம் வேண்டும். பொறி பறக்கும்போது அந்தப் பொறியே கொள்ளளவைக் கூட்டிவிடும், ஆகவே நல்ல இடம் கணக்கில் வருவதைவிடக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியேதான் இருக்கும்.

சொன்ன முந்நூறு ஆம்பியர்: 14,140 வோல்ட், 15 நானோஃபாரட், 32 மைக்ரோஹென்றி. உச்சமின்னோட்டம் 306 ஆம்பியர். ஃபேன் கண்டன்சர் ஏன் கருகியது என்று இப்போது புரியும். குழாய்க்குப் பதில் ஒன்றரைச் சதுர வீட்டு வயர் போதாதா என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

20 மார்ச்

டோராய்டு. கிச்சன் சிம்னிக்கு வைக்கும் அலுமினிய மடிப்புக் குழாயில் 4 இன்ச் சைஸ் கேளுங்கள். வளையமாக்கி, நடுவில் எவர்சில்வர் டிபன் தட்டு இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, அலுமினிய டேப் ஒட்டினால் ஆயிற்று. தட்டு காணாமல்போனதை வீட்டில் மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். கேரம் ஸ்டாண்டு என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

24 மார்ச்

தீப்பொறி இடைவெளி. மற்ற பாகங்களுக்கு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இதில் இரண்டு போல்ட்டை எதிரெதிரே வைத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். போல்ட் நுனி ஒரு நிமிடத்தில் பழுக்கக் காயும். காய்ந்தால் பொறி அணையாது. அணையாவிட்டால் மேலே ஏறிய ஆற்றல் திரும்பக் கீழே இறங்கி இடைவெளியிலேயே சூடாகிப்போகும்.

22 மில்லிமீட்டர் செம்புக் குழாயை மூன்று இன்ச் துண்டுகளாக ஏழு வெட்டுங்கள். வரிசையாக நிறுத்தினால் நடுவே ஆறு இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் உடைந்த ஆக்சா பிளேடு துண்டைச் செருகி அளவு வைத்து இறுக்கிவிட்டு உருவிவிடுங்கள். பிளேடு 0.63 மில்லிமீட்டர், ஆறுக்கு 3.8. முதலில் நாலு இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள், எல்லாம் சரியாக இருந்தால் ஆறுக்குப் போகலாம். மேலே ஒரு புளோயர் கட்டாயம், மோட்டார் தூசி ஊதுகிற புளோயரே போதும். நான் காற்று இல்லாமலும் காற்றோடும் ஓட்டிப் பார்த்தேன். வேறெதையும் மாற்றவில்லை, 30 சென்டிமீட்டராக இருந்த மின்னல் 45 ஆனது.

பொறியை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், வெல்டிங் வெளிச்சம் மாதிரிதான். சத்தத்துக்குக் காதில் பஞ்சு. சின்ன அறையில் ஓட்டினால் ஓசோன் தொண்டையைப் பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொரு இடைவெளியும் உண்டு, பாதுகாப்புக்கு. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று உருண்டை. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியாக ஓட்டி, பொறி விழாத எல்லைக்குச் சற்று அகலமாக அதை நிறுத்துங்கள். 2014-ல் இது என்னிடம் இருந்திருந்தால் அந்தத் தார் வாசனையை நான் அறிந்திருக்கமாட்டேன்.

27 மார்ச்

எம்.சி.பி. விழுந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு: உள்ளீட்டின் குறுக்கே 18 மைக்ரோஃபாரட் வைத்தால் இழுக்கும் மின்னோட்டம் குறையும். போர் மோட்டார் பேனலில் இருக்கும் 440 வோல்ட் ரன் கண்டன்சர் போதும். ஸ்டார்ட் கண்டன்சர் வேண்டாம், அது வெடிக்கும். ஆக, ஃபேன் கண்டன்சர் வகையறாவுக்கும் நம் காயிலில் ஓர் இடம் கிடைத்துவிட்டது!

2 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் நியான் டிரான்ஸ்ஃபார்மர் பிடித்துவிட்டாராம், எல்லாம் மாட்டி ஓட்டியும் பார்த்துவிட்டார். வேகமான ஆள். "நாலு இன்ச்தான் வருகிறது, அதோடு வைஃபை ரவுட்டர் செத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

ரவுட்டர் செத்தது என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. இரண்டாம் சுற்றின் அடிமுனையை எங்கே கொடுத்தீர்கள்? மூன்று பின் பிளக்கின் எர்த்தில்தானே? அது 50 ஹெர்ட்ஸுக்கான எர்த். 230 கிலோஹெர்ட்ஸுக்கு அது வீடு முழுக்கச் சுற்றி ஓடும் ஏரியல். நான் அப்படிச் செய்தபோது பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ் போய்விட்டது. இன்றுவரை அவர் மின்வாரியத்தைத்தான் திட்டுகிறார். நானும் சேர்ந்து திட்டினேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

காயிலுக்குத் தனிக் குழி வேண்டும். ஆறடிக் கம்பி, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து அகலமான செம்புப் பட்டையாகக் குறுகிய வழியில் கொண்டு வாருங்கள். இரண்டாம் சுற்றின் அடி, டிரான்ஸ்ஃபார்மர் பாடி, பாதுகாப்பு இடைவெளியின் நடு உருண்டை, மூன்றும் அதில்தான்.

4 ஏப்ரல்

உயர் அலைவெண் மின்சாரம் தோல்மேலேயே ஓடிவிடும், ஆகவே தொடலாம் என்று ஒருவர் வீடியோ இணைப்பு போட்டிருக்கிறார். நானும் பத்து வருடம் முன்பு இதை நம்பினேன், பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லவும் செய்தேன். தப்பு. செம்பில்தான் அது தோலோடு நிற்கும். நம் உடம்பு செம்பு இல்லை, 230 கிலோஹெர்ட்ஸ் உடம்பு முழுக்கப் புகுந்துதான் போகும். நரம்புக்கு அவ்வளவு வேகம் உறைக்காது, அதனால் ஷாக் தெரியவில்லை. சதை வெந்துகொண்டிருப்பதும் தெரியாது. என் வலது மோதிரவிரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது, வலிக்கவே இல்லை, மூன்று வாரம் ஆறவும் இல்லை. மேலே பறக்கும் பொறி முதல் சுற்றில் வந்து விழுந்தால் அந்த வழியாக 10,000 வோல்ட்டும் கூடவே வரும் என்பது தனிக்கதை.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் ஓட்டவே வேண்டாம்.

7 ஏப்ரல்

இந்தக் காயிலைக் கண்டுபிடித்த நிக்கோலா டெஸ்லா, மின்னல்களுக்குக் கீழே நாற்காலி போட்டு அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைத் திரும்பவும் யாரோ போட்டுவிட்டார்கள். 1899-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் கட்டிய ஆய்வுக்கூடம் அது. ஒரே தட்டில் இரண்டு முறை ஒளிபதித்து எடுத்தார்கள். காயில் ஓடியபோது அவர் அங்கே இல்லை, அவர் உட்கார்ந்திருந்தபோது காயில் ஓடவில்லை. டெஸ்லாவே பக்கத்தில் உட்காரவில்லை, நாம் ஏன்?

9 ஏப்ரல்

குழி எர்த்துக்கு மாற்றியபிறகு ஒன்றரையடியாம். ஆனால் இரண்டாம் சுற்றின் நடுவில் குட்டிக் குட்டிப் பொறிகள் ஓடுகின்றனவாம். இரண்டு சுற்றும் ரொம்ப நெருங்கி இருக்கின்றன. இரண்டாம் சுற்றை ஓர் இன்ச் மேலே தூக்கி வையுங்கள், போதாவிட்டால் இன்னொரு இன்ச். உடனே நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அந்தப் பொறி ஓடிய தடத்தில் எனாமல் கருகினால் பிறகு அதே வழியில்தான் எப்போதும் ஓடும்.

டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டைத் திருகிக் கூட்டும் கருவி) வைத்து மெதுவாக ஏற்றுகிறீர்களா, ஸ்விட்சைப் போட்டு ஒரேயடியாகவா? அதைச் சொல்லவில்லை.

15 ஏப்ரல்

வாட்டின் வர்க்கமூலத்தை 1.7-ஆல் பெருக்கினால் இன்ச் கணக்கில் மின்னல் நீளம் என்று காயில்காரர்களிடையே ஒரு சூத்திரம் ஓடுகிறது. நம் 300 வாட்டுக்கு 29 இன்ச், ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். நான் 60-ஐத் தாண்டியதில்லை. ஆறு வருடமாகக் குறை கண்டன்சரில் என்று நினைத்தேன், அப்புறம் டோராய்டில் என்று. போன மாதம் இந்த இழைக்காகப் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் பட்டது: முதல் சுற்றிலிருந்து இடைவெளிக்குப் போகும் வயர் என்னுடையதில் ஒன்றரை மீட்டர் வளைந்து வளைந்து போகிறது. அதுவே ஒன்றிரண்டு மைக்ரோஹென்றி, அதுவும் வேலை செய்யாத மைக்ரோஹென்றி. எல்லாவற்றையும் ஒரே பலகையில் நெருக்கி வைத்து மறுபடி கட்டப்போகிறேன்.

16 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். மொட்டை மாடி, இருட்டு, இரண்டடிக்குக் குறையாத ஊதா மின்னல், பின்னால் துணி காயும் கொடி. மின்னல் எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது, டோராய்டைச் சுற்றி வரவில்லை என்று குறைபடுகிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வலது பக்கம் ஒரு மடிப்பு நசுங்கியிருக்கிறது. அதை நிமிர்த்தாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு முனையிலேயே எல்லாம் சேர்ந்து கிளம்புவதால்தான் உங்களுக்கு இந்த நீளம். டோராய்டைத் திருப்பி நசுங்கல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்காதபடி வையுங்கள். அந்தக் கொடி கம்பியா, நைலானா?